உரிமம் இல்லாத முகம்

அத்தியாயம் ஆறு

காலை எட்டரை மணிக்கே டெல்சி மூன்றாவது பிளேன்டீயில் இருந்தாள். குடித்தாள் என்று சொல்ல முடியாது. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். பாதித் தேநீர் தரைக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

"கொஞ்சம் ஒக்காருங்க டெல்சி," என்றாள் சண்முகவடிவு.

"எப்புடிங்க வடிவக்கா ஒக்கார்றது? நாலு மணிக்கு கொழும்புல இருந்து வந்துருவாங்க."

துஷாந்தை யாரும் உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே ஒரு மரப்பெட்டி மேல் சம்மணமிட்டு, டெல்சி எல்லாருக்குமாக வாங்கி வைத்திருந்த ரோல்ஸில் இரண்டாவதை முடித்துக்கொண்டிருந்தான். கவலை என்பது வெறும் வயிற்றில் படக்கூடாத சரக்கு என்பது அவன் கொள்கை.

சண்முகவடிவு இன்சூரன்ஸ் கொம்பனியில் பதினாறு வருடம் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டியவள். இப்போது ஹட்டன் ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் சொந்தமாக விசாரணை நிலையம் வைத்திருக்கிறாள். துஷாந்த் அதில் உதவியாளன், ஆட்டோ டிரைவர், தபால்காரன், இன்னும் என்னவெல்லாமோ. தான் பங்காளி என்பது அவன் எண்ணம். வடிவு அதை இதுவரை மறுத்துப் பேசவில்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் வடிவு.

டெல்சி நின்றாள். பட்டறைச் சுவரோரம் இருபத்திரண்டு பின்பால் மெஷின்கள் பொலித்தீன் போர்த்தி வரிசையாக நின்றன. சரிவான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் இரும்புக் குண்டு, அது குழிக்குள் விழாமல் தட்டி அடிக்க இரண்டு ஃபிளிப்பர். கொழும்பில் மூடிப்போன ஹோட்டல் ஒன்றின் பழைய மெஷின்களைப் பழுது பார்க்கப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டவள் அவள். முதல் இரண்டு வருடம் தேயிலை மலை, நீர்வீழ்ச்சி என்று அழகழகாகப் படம் வரைந்து செய்தாள். ஹோட்டல்காரர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். தேயிலையை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதாதா, அதற்கு எதற்கு மெஷின் என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

பிறகு 'கவ்வாத்துக் காளி' படம் வந்தது. சென்னைக்காரர்கள் நுவரெலியாவில் எடுத்த படம். அதன் பெயரையும் கதாநாயகன் முகத்தையும் போட்டு மெஷின் செய்து விற்க, கொழும்பில் இருக்கும் நீலச்சுடர் என்ற உரிம நிறுவனத்தில் டெல்சி அனுமதி வாங்கினாள். அதே பலகை, அதே ஸ்பிரிங், அதே குண்டு. காளியின் முகம் ஏறியதும் வரிசை கட்டி ஆள் வந்தது. அறுபது மெஷின்தான் செய்யலாம் என்பது ஒப்பந்தம். அறுபதுக்கும் பெயர் பதிந்தாகிவிட்டது.

"இப்ப நுவரெலியாவுல அறுபத்தோராவது ஒன்னு நிக்குதாம்," என்றாள் டெல்சி. "எங்க படத்தையே போட்டு யாரோ செஞ்சி வித்திருக்காங்க. படம் எங்க பட்டறையில இருந்துதான் வெளிய போயிருக்காம். இன்னிக்கி நாலு மணிக்குள்ள திருடன் பேர சொல்லி, அவர வேலைய விட்டு நிப்பாட்டணும். அப்புடின்னா எச்சரிக்கையோட விட்டுருவாங்க. இல்லாட்டி லைசன்ஸ் ரத்து. இந்த இருபத்திரண்டையும் அவங்க கண்ணு முன்னாடியே ஒடைக்கணும்."

"அந்தக் கள்ள மெஷினோட போட்டோ குடுத்தாங்களா?"

"கேட்டேன். விசாரணை முடியட்டும்னு சொல்லிட்டாங்க."

"யார் சொன்னது?"

"ஜெயகாந்தன்னு ஒருத்தர். எங்க படத்தையெல்லாம் பாத்து சரி, பிழை சொல்றவர். போன்லயும் கடிதத்துலயும்தான் பழக்கம்." டெல்சியின் குரல் உடைந்தது. "ஒம்பது பேரு வேல செய்றாங்க வடிவக்கா. எல்லாரும் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து வந்தவங்க. யார் பேர நான் சொல்றது?"

துஷாந்த் சுற்றிலும் பார்த்து விரலால் எண்ணினான். "எட்டுப் பேருதான் இருக்காங்க. தச்சு வேல பாக்குற இராயப்பன் அண்ணன் எங்க?"

"வரல." டெல்சி தரையைப் பார்த்தாள். "நேத்து சாயந்தரம் நீலச்சுடர் அனுப்பின கடிதத்த எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் ஆள் பேசவே இல்ல. போன் அடிச்சா எடுக்குறாரு இல்ல."

துஷாந்த் வடிவைப் பார்த்தான். வடிவு அவனைப் பார்க்கவில்லை. போர்த்தியிருந்த பொலித்தீனை ஒரு மெஷினிலிருந்து விலக்கி, படத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நுவரெலியாவுல எந்தக் கடைன்னு கண்டுபிடிக்கணும்," என்றாள்.

"கண்டுபிடிச்சாச்சி," என்றான் துஷாந்த் கையைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டாவது ரோல்ஸ் சாப்புடுறப்பவே அங்க ஆட்டோ ஸ்டாண்டுக்கு மெசேஜ் போட்டுட்டேன். கிறகரி வாவிக்குப் பக்கத்துல, கிஷாந்த்னு ஒருத்தர் சீசன் கட போட்டிருக்காராம்."

*

ஏப்ரல் மாதத்து நுவரெலியாவுக்கு ஆட்டோவில் போகிறவன் பொறுமையைத் தொலைக்க வேண்டும், அல்லது தொழிலை மாற்ற வேண்டும். துஷாந்த் கொட்டகலையில் ஒரு முறையும் தலவாக்கலையில் இரண்டு முறையும் பொறுமையைத் தொலைத்தான். நானுஓயாவில் கொழும்பு வேன்கள் மலைப்பாம்பாக மடங்கி நின்றன. வடிவு பின் சீட்டில் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பதறி அவன் பார்த்ததில்லை.

"அக்கா, நமக்கு எப்பவாவது ஒரு கேஸ் ஹட்டன் டவுனுக்குள்ளயே கெடைக்குமா? நடந்து போற தூரத்துல?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோட்டுல பாக்குறதுக்கு என்னா இருக்கு? வேனோட பின்பக்கம்தான்."

கடையைக் கண்டபோது மணி பன்னிரண்டரை. தகரக் கூரை, பலூன்கள், காதைப் பிய்க்கும் பாட்டு. கடைக்காரன் கிஷாந்துக்கு முப்பது வயதிருக்கும். சீசன் முடிவதற்குள் வருடத்துக்கான சம்பாத்தியத்தைப் பார்த்துவிடும் அவசரத்தில் இருந்தான். விசாரணை என்று கேட்டதும் முகம் சுருங்கியது.

"நான் காசு குடுத்துத்தாங்க வாங்கினேன். டெல்சி அக்காகிட்டதான் மொதல்ல கேட்டேன். அறுபதும் முடிஞ்சிருச்சி, மேல செய்ய அனுமதி இல்லைன்னாங்க, பேர மட்டும் கொழும்புக் கொம்பனிக்கு அனுப்பி வச்சாங்க. ஒரு மாசத்துல எனக்கு வட்ஸ்அப்ல நோட்டீஸ் வந்துச்சி. கொழும்புப் பக்கம் இருந்து லொறியில எறக்கிட்டுப் போனாங்க. வித்தவர் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல."

"ஒங்க மேல தப்பு இல்ல தம்பி. ஒரு தரம் வெளையாடிப் பாக்கலாமா?"

விளையாடுகிற வேலை எப்போதும் துஷாந்துக்குத்தான். அவன் ஸ்பிரிங்கை இழுத்து விட்டான். குண்டு மேலே பாய்ந்து, வளைவில் சுற்றி, நேராக வந்து காளியின் மூக்கில் 'டங்' என்று மோதியது.

"ஐயோ!" என்று துஷாந்தே கத்திவிட்டான். "அக்கா, காளி அடி வாங்குறாரு!"

"வாங்கினா என்னா?"

"டெல்சி அக்கா மெஷின்ல வாங்க மாட்டாரே! போன வாரம் அவங்க சொன்னாங்கல்ல. ஹீரோ மூஞ்சில குண்டு படக்கூடாதுன்னு ஒப்பந்தம். அதுக்காகவே அவர மேல ஒரு மூலையில ஏத்தி வச்சி, பலகைய பூராவும் மாத்திப் போட்டாங்க. குண்டு விழுற குழிக்குப் பக்கத்துலயும் அவர் நிக்கக்கூடாது, தோத்த மாதிரி ஆயிருமாம். பாட்டு எட்டு செக்கனுக்கு மேல பாடக்கூடாது. மந்திரிமாருக்குக்கூட இம்புட்டு பாதுகாப்பு இல்ல."

"அப்ப இந்தப் படம் எப்ப வரைஞ்சது?"

துஷாந்த் யோசித்தான். அவன் யோசிப்பதற்குள் குண்டு குழிக்குள் விழுந்துவிட்டது. "கொம்பனிக்காரங்க கண்டிசன் போட்டுத் திருத்துறதுக்கு முன்னாடி?"

"ம். கையில என்னா வச்சிருக்காரு பாரு."

துஷாந்த் கண்ணாடி மேல் குனிந்தான். காளியின் கையில் கவ்வாத்துக் கத்தி. வளர்ந்த தேயிலைச் செடியை இடுப்பு மட்டத்துக்கு வெட்டி இறக்கும் கனத்த கத்தி. நுனி மட்டும் வளைந்து, பிடி தேய்ந்து, தோட்டத்தில் பார்ப்பது அப்படியே இருந்தது. டெல்சியின் பட்டறையில் நின்ற இருபத்திரண்டு மெஷின்களிலும் காளி பிடித்திருந்தது பல் வைத்த கருக்கரிவாள், நெல் அறுப்பது. சென்னையில் இருந்து வந்த மாதிரிப் படத்தில் அப்படித்தான் இருந்தது. டெல்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாதிரிப் படத்தில் உள்ளபடியே வேண்டும் என்று நீலச்சுடர் ஒற்றைக்காலில் நின்றது. தேயிலை மலையில் நெல் அறுக்க வந்த காளியைப் பார்த்து ஹட்டனே சிரித்தது.

"கத்தி சரியா இருக்குக்கா."

"சரியா இருக்குறதுதான் தப்பு," என்றாள் வடிவு. திம்புள்ளத் தோட்டத்தில் வளர்ந்தவள், அப்பா கவ்வாத்து வெட்டியே அவளை வளர்த்தார். "அனுமதி வாங்கின மெஷின்ல பிழையான கத்தி. கள்ள மெஷின்ல நெசக் கத்தி."

"அப்ப இது கொழும்புக்காரன் செஞ்சது இல்ல. தோட்டத்து ஆளு வரைஞ்சது. பட்டறைக்குள்ள இருந்துதான் போயிருக்கு." சொல்லிவிட்டு அவனே வருத்தப்பட்டான். டெல்சிக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னது போலிருந்தது.

அடுத்ததைப் பார்த்தபோது அவன் வருத்தப்படக்கூட மறந்துபோனான்.

படத்தின் இடது பக்கம், தொப்பி போட்ட தோட்டத்து துரை நின்றார். அவர்தான் சினிமாவின் வில்லன். டெல்சியின் மெஷினில் அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். வில்லனாக நடித்த பைரவமூர்த்தி தன் முகத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. இங்கே துரை நேராகத் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தார். அடர்ந்த மீசை. இடது புருவத்தில் உளி தெறித்த வெட்டுத் தழும்பு.

"அக்கா," துஷாந்தின் குரல் இறங்கிவிட்டது. "இது நம்ம இராயப்பன் அண்ணன்."

வடிவு படத்தைப் போனில் எடுத்தாள். பிறகு கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் கிஷாந்திடம் கேட்டு உரித்தெடுத்தாள். கிஷாந்துக்கு வந்த நோட்டீஸ்தான் அது. பெரிதாக அச்செடுத்து வாடிக்கையாளருக்காக ஒட்டியிருந்தான்.

'கவ்வாத்துக் காளி பின்பால்! மற்ற மெஷின்களில் முதுகு மட்டுமே! இதில் வில்லன் பைரவமூர்த்தியின் முகமும் உண்டு!'

"பைரவமூர்த்தியா?" துஷாந்துக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "தன் மூஞ்சிக்குத் தானே நட்சத்திரப் பட்டம் குடுத்துக்கிட்டாரா மனுசன்?"

"தம்பி, நீங்க அந்தச் சினிமாவ பாத்தீங்களா?" வடிவு கிஷாந்தைக் கேட்டாள்.

"எங்கங்க நேரம்? ரெண்டு பொடியங்க கேட்டாங்க, யாரு இதுன்னு. மேக்கப் போட்ட மூஞ்சின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

வடிவு கடைக்கு வெளியே வந்து டெல்சியை அழைத்தாள். துஷாந்த் போனோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"டெல்சி, இராயப்பன் அண்ணன் மூஞ்ச எப்பவாவது வரைஞ்சீங்களா?"

"மொதல் படத்துல வரைஞ்சேன். வில்லன் போட்டோ அவங்க அனுப்பல. நானும் அப்ப சினிமாவ பாத்திருக்கல. அவசரத்துக்கு அண்ணன தொப்பி போட்டு நிக்க வச்சி வரைஞ்சி அனுப்பினேன். கொம்பனி திருப்பி அனுப்பிட்டாங்க, அப்புறம் முதுக வரைஞ்சேன். ஏங்க வடிவக்கா?"

"திருப்பி அனுப்பின கடிதம் இருக்கா?"

"ஃபைல்ல இருக்கு."

"எடுத்து வைங்க. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க."

*

திரும்பும் வழியில் துஷாந்துக்கு வாய் ஓயவில்லை. வாய் ஓய்ந்தால் மனசு பேச ஆரம்பித்துவிடும் என்ற பயம்.

இராயப்பனை அவனுக்குப் பத்து வருடமாகத் தெரியும். அவன் ஆட்டோவுக்கு மரப் பலகை சீட் போட்டுக் கொடுத்தவர். ஆனாலும் கணக்கு ஒரே பக்கம் இழுத்தது. முதல் படம் பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. கத்தி நிஜக் கத்தி. முகம் அவருடையது. ஆள் வேலைக்கு வரவில்லை.

தலவாக்கலையில் வண்டியை ஓரங்கட்டி, நோட்டன் பிரிட்ஜில் இருந்த இராயப்பனின் மனைவி அந்தோனியம்மாவுக்குப் போன் போட்டான்.

"அவரு காலையில இருந்து ஒரு பேப்பர வச்சிக்கிட்டு எழுதுறாரு, கிழிக்கிறாரு, திரும்ப எழுதுறாரு தம்பி," என்றாள் அவள். "சோறு வேணாங்குறாரு. இப்பத்தான் வெள்ளச் சட்டைய போட்டுக்கிட்டு பஸ் ஏறுனாரு. புள்ளைங்கள பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போறாருப்பா. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல."

துஷாந்த் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"ஓடிட்டாருக்கா."

"வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு யாராவது ஓடுவாங்களா?"

"நீங்க அவர நல்லவர்னு நெனைக்கிறீங்க."

"நான் ஒன்னும் நெனைக்கல துஷா. எனக்கு அந்தக் கடிதம் வேணும். ஓட்டு."

அவன் ஓட்டினான். கோபம் கொப்பளித்துக்கொண்டு வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. எட்டுப் பேருடைய பிழைப்பையும் டெல்சியின் வாழ்க்கையையும் விற்றுவிட்டு வெள்ளைச் சட்டை ஒரு கேடா என்று தன்பாட்டில் முணுமுணுத்தான்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மூன்றே முக்கால். டெல்சி கடிதத்தை நீட்டினாள். வடிவு நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் பத்தியில் அவள் கண் நின்றது. பிறகு கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். காலையில் மிஞ்சிய ரோல்ஸ் ஒன்றை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

வடிவு கேஸ் முடியாமல் சாப்பிட மாட்டாள். துஷாந்துக்கு முதுகு நிமிர்ந்தது.

*

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெள்ளை வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது பிரேமினி, நீலச்சுடரின் தலைவி. ஐம்பது வயது, பருத்திச் சேலை, மலைக்குளிருக்கு ஒரு சால்வை. பின்னால் கோப்போடு இறங்கியவர் ஜெயகாந்தன். பளபளவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. பட்டறையையும் அதில் நின்றவர்களையும் சுற்றிப் பார்த்து, உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேர் கிடைச்சுதா?" பிரேமினி நேராக விஷயத்துக்கு வந்தாள். குரலில் கடுமை இல்லை, களைப்பு இருந்தது.

டெல்சி வாயைத் திறந்தாள். வடிவு அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"கெடைச்சிருக்கு மேடம். அதுக்கு முந்தி ஒரு சந்தேகம். நீங்க அந்தக் கள்ள மெஷின பாத்தீங்களா?"

"இல்லை. கொழும்பு வாடிக்கையாளர் ஒருத்தர் முறைப்பாடு செய்தார். ஜெயகாந்தன்தான் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்."

"அப்ப சேர்கிட்டயே கேக்குறேன்." வடிவு போனை நீட்டினாள். "நான் சினிமாவ பாக்கலங்க. இந்தத் தொப்பி போட்டவர் யாரு?"

ஜெயகாந்தன் குனிந்து ஒரு நொடிதான் பார்த்தார். "இதுதானே பிரச்சினையே! வில்லன் பைரவமூர்த்தி. அவர் முகத்துக்கு லைசன்ஸ் இல்லை, எடுங்கன்னு நான்தான் எழுதினேன். இவங்க எங்களுக்கு முதுகைக் காட்டிட்டு, முகத்தைக் களவா வித்திருக்காங்க."

"இவர்தான் பைரவமூர்த்தின்னு உறுதியா தெரியுமா சேர்?"

"இருபது வருசமா இந்தத் துறையில இருக்கேன் அம்மா."

பிரேமினி போனை வாங்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "ஜெயகாந்தன், பைரவமூர்த்திக்கு எங்க மீசை? படம் முழுக்க மொட்டைத் தலை, மழித்த முகம். நீங்கள் படம் பார்த்தீங்களா, இல்லையா?"

ஜெயகாந்தன் பதில் சொல்லுமுன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

இராயப்பன் நின்றார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, அடர்ந்த மீசை, இடது புருவத்தில் தழும்பு. கையில் நாலாக மடித்த காகிதம்.

"மேடம்," என்றார் பிரேமினியைப் பார்த்து. "நான்தான் செஞ்சேன். படத்த வெளிய குடுத்தது நான்தான். எழுதிக் கொண்டாந்திருக்கேன். என்னைய நிப்பாட்டுங்க, பொலீஸ்ல குடுங்க. தங்கச்சியோட லைசன்ச மட்டும் எடுத்துறாதீங்க."

பிரேமினி போனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"வாங்க, பைரவமூர்த்தி," என்று துஷாந்தின் வாய், அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். இராயப்பன் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"அண்ணே, எந்தப் படத்த யாருக்குக் குடுத்தீங்க?" வடிவு கேட்டாள்.

"அது... மெஷின் படம்."

"அதுல யாரு மூஞ்சி இருக்கு?"

"காளி மூஞ்சிதானுங்களே?"

வடிவு போனை வாங்கி அவர் முன் காட்டினாள். இராயப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஐயோ, இது நானு!" என்று இரண்டடி பின்னால் போனார்.

"தன் மூஞ்சிதான் அதுல இருக்குன்னே தெரியாத மனுசன், அத வித்தேன்னு சொல்றாரு," என்றாள் வடிவு. "மேடம், ஹட்டன்ல யார வேணும்னாலும் கூப்பிட்டு இந்தப் படத்தக் காட்டுங்க. கோயில் பெஞ்சுல இருந்து பேக்கரிக் கதவு வரைக்கும் இவர் செஞ்சது. எல்லாரும் இராயப்பன் அண்ணன்னுதான் சொல்லுவாங்க. இந்தப் பட்டறை ஆளு யாராவது களவா வித்திருந்தா, மொதல்ல இந்த மூஞ்சியத்தான் அழிச்சிருப்பாங்க. இது பைரவமூர்த்தின்னு எழுத்துல சொன்ன காகிதம் இந்த ஒலகத்துல ரெண்டே ரெண்டுதான்."

கைப்பையைத் திறந்து கிஷாந்தின் கடை நோட்டீஸை முதலில் மேசையில் வைத்தாள். பக்கத்தில் நீலச்சுடரின் கடிதத்தை விரித்தாள்.

"ஒன்னு, கள்ள மெஷின விக்கிறதுக்கு அடிச்ச நோட்டீஸ். ரெண்டாவது, மொதல் படத்தத் திருப்பி அனுப்பின கடிதம். 'நடிகர் பைரவமூர்த்தியின் முகம் உரிமத்தில் அடங்காது, அகற்றவும்.' கீழ கையெழுத்து ஜெயகாந்தன்."

"ஒரு முகத்தைப் பிழையா நினைச்சது குற்றமா?" ஜெயகாந்தன் சத்தம் போட்டார். இஸ்திரிச் சட்டையின் கழுத்து வியர்த்திருந்தது.

"குத்தமில்ல சேர். ஆனா அதே பிழைய ரெண்டு எடத்துல செஞ்சிருக்கீங்க. மொதல் படம் இந்தப் பட்டறைய விட்டு வெளிய போனது ஒரே ஒரு மேசைக்கு, ஒங்க மேசைக்கு. அறுபது மெஷினுக்கு மேல எத்தன பேரு ஏங்கிக்கிட்டு இருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியும், கேட்டுக் கெடைக்காதவங்க பேர் லிஸ்டும் ஒங்ககிட்டதான் வருது. அனுமதியில இல்லாத முகத்தப் போட்டா இன்னும் நல்லா விக்கும்னும் தெரியும். சினிமாவ மட்டும் ஒரு தரம் பாத்திருந்தீங்கன்னா தப்பிச்சிருப்பீங்க."

பிரேமினி கையை நீட்டினாள். "உங்கள் போனைத் தாங்க, ஜெயகாந்தன்."

அவர் தரவில்லை. சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது போதுமாக இருந்தது.

"வேனில் ஏறுங்க. மிச்சத்தை கொழும்பில் பொலீஸோடு பேசலாம்." பிரேமினி கோப்பிலிருந்த ரத்துக் கடிதத்தை எடுத்துக் குறுக்கே கிழித்தாள். டெல்சியின் பக்கம் திரும்பியபோது அவள் முகம் சிவந்திருந்தது. "என் ஒபிஸில் இருந்தது களவு. நான் வந்து உங்களை மிரட்டியிருக்கிறேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மெஷின்களை அனுப்புங்க."

வேன் போன பிறகும் டெல்சி அசையவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் இராயப்பன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி விரித்து வாசித்தாள். நாலு வரி. அடித்து அடித்துத் திருத்திய நாலு வரி. வாசிக்க வாசிக்க அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் ஒங்கள சந்தேகப்பட்டேன்னு நெனைச்சீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி." இராயப்பன் மீசையைத் தடவினார். "நீங்க ஒருத்தர் பேரையும் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் நான் வந்து சொன்னேன்."

டெல்சி முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

துஷாந்த் இராயப்பன் பக்கத்தில் போய் நின்றான். சொல்வதற்கு ஒரு கிண்டல்கூட அகப்படவில்லை.

"நான் நம்பிட்டேண்ணே," என்றான். "நீங்கதான்னு நெசமாவே நம்பிட்டேன்."



"நம்பணும்னுதானடா நாலு தடவ எழுதினேன்," என்றார் இராயப்பன்.

துஷாந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.